பரங்கிப்பேட்டை ஹாஸ்டல்: தங்குகிற எல்லாருக்கும் ஒரே படிப்பு. மகளைச் சேர்க்கலாமா?

திருப்பாப்புலியூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தாள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. சேரப்போகிறாள். சீட் கிடைத்த சந்தோஷம் எல்லாம் முடிந்து, இப்போது வீட்டில் பேச்சு ஹாஸ்டலைப் பற்றித்தான்.

சிதம்பரத்தில் உள்ள பெரிய வளாகம் என்றால் எல்லாப் படிப்புப் பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். பரங்கிப்பேட்டை தனி இடம். அங்கே தங்குகிற பிள்ளைகள் எல்லாருக்கும் கடல் சம்பந்தமான படிப்புதான் என்கிறார்கள். வகுப்பிலும் அதே முகம், சாப்பிடும்போதும் அதே முகம், படுக்கிற அறையிலும் அதே பேச்சு. இது பிள்ளைக்கு நல்லதா என்று எனக்குப் புரியவில்லை. இவள் கோயிலில் தேவாரம் பாடுவாள், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள், நாலு பேரோடு நாலு விஷயம் பேசுகிற பெண். ஒரே பாடத்துக்குள் அடைத்துவிட்டால் சுருங்கிப்போவாளோ என்று பயமாக இருக்கிறது. போதாததற்கு, எல்லாரும் ஒரே படிப்பு என்றால் யார் முந்துவது என்கிற போட்டியும் ராத்திரி பகல் கூடவே இருக்குமே.

வீட்டுக்காரர், "முப்பது கிலோமீட்டர்தானே, பாசஞ்சரில் போய்வரட்டும்" என்கிறார். ரயில் இல்லாத நேரத்துக்குச் சிதம்பரம் பஸ்ஸில் பி.முட்லூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம். வீட்டுச் சாப்பாடு, ஹாஸ்டல் பணமும் மிச்சம். மகள் ஹாஸ்டல்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அங்கே தங்கிப் படித்தவர்கள் இருந்தால் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்.

முகத்துவாரம்:

ஹாஸ்டலில் சேருங்கள் அம்மா. நான் எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சியும் அங்கே தங்கித்தான் படித்தேன். இப்போது லாசுப்பேட்டையில் குடியிருக்கிறேன், மரக்காணம் பக்கம் ஓர் இறால் ஹேச்சரியில் (குஞ்சு பொரிப்பகம்) தண்ணீரின் தரம் பார்க்கும் வேலை. உங்கள் மகளின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு சரியான காரணம் இருக்கிறது. வீட்டில் அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு இன்னும் வார்த்தை கிடைக்காமல் இருக்கலாம். நான் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தப் படிப்பின் நேரத்தைக் கல்லூரி மணி தீர்மானிப்பதில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வத்தும். அந்த நேரம் தினமும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போகும். இன்று காலை பத்து மணிக்குச் சேற்றுத்தரை வெளியே தெரிகிறது என்றால், ஒரு வாரம் கழித்து அதே பத்து மணிக்கு அங்கே தண்ணீர் நிற்கும். புழுவும் நண்டும் சிப்பியும் பார்க்க வேண்டியவள் தண்ணீர் வத்தும் நேரத்துக்குப் போயாக வேண்டும். அது விடியற்காலையாகவும் இருக்கும், பொழுது சாய்ந்த பிறகாகவும் இருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வத்தல் இன்னும் அதிகம். அந்த நாட்களை விட்டால் அடுத்த இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று சொல்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எப்போது மிகக் குறைவாக இருக்கும் என்று கேட்டால் புத்தகம் பதில் சொல்லிவிடும்: விடிவதற்குச் சற்று முன். பகலில் பாசியும் நுண்தாவரங்களும் ஆக்சிஜன் விடும். இருட்டினால் அந்த வேலை நின்றுவிடும், ஆனால் மூச்சு விடுகிற உயிர்கள் எல்லாம் ராத்திரி முழுக்க மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே விடியும் முன் தண்ணீர் ரொம்பத் தளர்ந்து கிடக்கும். இதைப் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அங்கேயே ரசாயனம் விட்டு நிலைப்படுத்தி, ஆய்வகத்தில் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும்படி நீல நிறம் மறையும் அந்தச் சொட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்தது ஹாஸ்டலில் இருந்ததால்தான். தனியாக எழுந்து போயிருக்கவும் மாட்டேன். பக்கத்து அறை அக்கா ஒருத்தி கதவைத் தட்டி எழுப்புவாள், இன்னொருத்தி டார்ச் பிடிப்பாள், வாட்ச்மேன் அண்ணன் கூடவே வருவார். இன்றைக்கு ஹேச்சரியில் விடியற்காலை நாலு மணிக்குக் காற்று ஊதும் இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழு மணிக்கு வந்து பார்க்கிறவனுக்குச் செத்த குஞ்சுகள்தான் கிடைக்கும்.

தண்ணீரோடு மிதந்து போகும் சிற்றுயிர்களான மிதவை உயிர்களும் அப்படித்தான். விலங்கு மிதவைகளில் பல வகைகள் பகலில் கீழே இறங்கிவிடும், இருட்டிய பிறகு மேலே ஏறிவரும். பகலில் வலை இழுத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடலாம். அதே இடத்தில் ராத்திரி இழுத்தால் நுண்ணோக்கியின் அடியில் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் துள்ளும். சாயங்கால ரயிலுக்கு மணி பார்க்கிற பிள்ளைக்கு இந்தப் பாதிக் கடல் தெரியாமலே போய்விடும்.

ஒரே பாடம், சுருங்கிவிடுவாளோ என்று கேட்டீர்கள். வெளியே இருந்து பார்த்தால்தான் அது ஒரே பாடம். என் தாழ்வாரத்தில் ஒருத்தி சேற்றுப் புழு, ஒருத்தி கடற்பாசி, ஒருத்தி பிச்சாவரத்துச் சதுப்பு மண்ணில் இருக்கும் பாக்டீரியா. எதிர் அறையில் இருந்தவள் மீன் குடலைத் திறந்து அது என்ன தின்றது என்று பார்ப்பவள். அவளுக்குக் குடலில் கிடைத்த துண்டு என்னவென்று தெரியாமல் புழுக்காரியிடம் கொண்டுவருவாள். புழுக்காரி காலைப் பார்த்து, முள்ளைப் பார்த்து, பெயர் சொல்வாள். சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோகும் வரை இந்தப் பேச்சு ஓடும். கேரளத்துப் பெண்கள், வங்காளத்துப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். ஒரே மீனுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எங்கள் சமையல் அக்கா நடுவில் வந்து "இது சுதும்பு", "இது காரப்பொடி" என்று முடித்துவைப்பார். அன்னங்கோயில் இறங்குதளத்துக்குக் காலையில் சேர்ந்து போவோம். ஏலம் முடிந்து மூலையில் கொட்டிக் கிடக்கும் கழிசல் மீன்தான் எங்களுக்குப் பொக்கிஷம். கோழித் தீவனத்துக்குப் போகும் அந்தக் குவியலில், அதுவரை படத்தில் மட்டும் பார்த்த உயிர்கள் கிடக்கும். மீனவப் பெண்கள் ஆரம்பத்தில் விநோதமாகப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களே புதிதாக ஏதாவது வந்தால் எடுத்து வைத்துக் கொடுப்பார்கள்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போகாத சிலர் ஹாஸ்டலில் இருந்தோம். மின்சாரம் போனதும் தொட்டிகளுக்குக் காற்று நின்றுவிட்டது. யாருடைய தொட்டி, யாருடைய ஆராய்ச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்குப் போயிருந்தவர்களின் தொட்டிகளுக்கும் சேர்த்து முறைவைத்து, வாளியில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே இருந்தோம். தண்ணீரில் காற்று கலக்க அந்த ஊற்றல் ஏன் நிற்கக் கூடாது என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வேறு எந்த ஹாஸ்டலிலும் "மீன் தொட்டிக்காகவா இப்படி" என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

போட்டி பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை மூடி மறைக்க மாட்டேன். கலந்து தங்கும் ஹாஸ்டலில் ஒவ்வொருவருக்கும் தேர்வு முடிவு ஒவ்வொரு நாள் வரும். இங்கே கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் முடிவு வரும் ராத்திரி, முழுத் தாழ்வாரத்துக்கும் ஒரே ராத்திரி. பாஸ் ஆனவள் சந்தோஷத்தை வெளியே காட்ட முடியாது, ஆகாதவள் அழவும் இடம் இருக்காது. யாருடைய கட்டுரை வெளியானது, யாரை சார் பாராட்டினார் என்பதெல்லாம் சாம்பாரோடு சேர்ந்தே வரும். இதில் நொந்துபோய்ப் பேச்சை நிறுத்திக்கொண்ட தோழிகளை எனக்குத் தெரியும். அதனால் உங்கள் மகளுக்குப் படிப்புக்கு வெளியே ஒரு வாசல் கண்டிப்பாக வேண்டும். பாட்டு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆலப்பாக்கம் வண்டி:

நான் சிதம்பரத்துக்கு ரயிலில் போய்வந்து பி.காம். படித்தவன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டுச் சாப்பாடு, அப்பாவுக்கு வயலில் ஒத்தாசை, ரயிலிலேயே பாதிப் படிப்பு. என் படிப்புக்குப் புத்தகம் போதும், ராத்திரி தண்ணீர் பிடிக்கிற வேலை இல்லை. மேலே சகோதரி சொன்னதைப் படித்த பிறகு இந்தப் படிப்புக்கு அது சரிவராது என்றுதான் தோன்றுகிறது. ஐப்பசி கார்த்திகையையும் யோசியுங்கள் அம்மா. நம் மாவட்டத்தில் மழை பிடித்தால் எந்தச் சாலை எப்போது மூழ்கும் என்று சொல்ல முடியாது. 2015 நவம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை.

காலாப்பட்டுக்காரன்:

மாற்றுக் கருத்து ஒன்றையும் கேட்டுவிடுங்கள். நான் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவன், காலாப்பட்டு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். இங்கே எல்லாத் துறையும் கலப்பு. என் அறைத்தோழன் மானுடவியல். இ.சி.ஆர். ஓரத்து மீனவக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசி எழுதுகிறவன். ஒரு ராத்திரி, யார் வீட்டுக்குப் போவது என்று எப்படி முடிவு செய்கிறாய் என்று சும்மா கேட்டேன். "யார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களிடம்" என்றான். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அன்று கடலுக்குப் போகாதவர்கள். அப்படியானால் கடலுக்குப் போகிறவர்களின் குரல் உன் நோட்டில் எங்கே என்று கேட்டேன். அன்று ஆரம்பித்த பேச்சு, அவனுடைய கள ஆய்வையே மாற்றியது. என் பக்கமும், சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டு எல்லாரையும் பற்றிச் சொல்லும் மாதிரியெடுப்பு, வெறும் சூத்திரமாகத் தெரிந்த அந்த விஷயம், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. புள்ளியியல்காரர்கள் மட்டும் தங்கும் ஹாஸ்டலில் இது எனக்குக் கிடைத்திருக்காது. ஒரே படிப்புக்காரர்கள் கூடினால், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் பயம் அதுதான்.

ஆனால் கடல் படிப்பு வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே கடல் உயிரியல் துறை காலாப்பட்டில் இல்லை, போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது. எங்களுக்கும் எதிரே கடல்தான், இருந்தும் அதை அந்தமானில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பவளப்பாறையும் சதுப்புக்காடும் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் தங்கிப் படிப்பதில் லாபம் இருக்கத்தான் செய்யும்.

முத்தியால்பேட்டை ஓய்வு:

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காலாப்பட்டுத் தம்பி சொன்ன பயத்துக்கு உலகத்தில் ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1927இல் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்ற கல்வியாளர் 'எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில் மாணவர்களைச் சேர்ந்து தங்க வைத்தார். முதலாண்டு முழுக்கப் பண்டைய ஏதென்ஸ், இரண்டாம் ஆண்டு அமெரிக்கா. எல்லாரும் ஒரே நூல்களைப் படித்து, சாப்பிடும்போதும் அதையே வாதாடுவார்கள். ஆசிரியர்களின் அறைகளும் அதே கட்டடத்தில். அங்கே படித்த பலர் அதைக் கடைசி வரை கொண்டாடினார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் மற்ற பகுதிகளோடு உரசல் வளர்ந்தது, சேர்கிறவர்கள் குறைந்தார்கள், பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. 1932இல் மூடிவிட்டார்கள்.

யோசனை மட்டும் சாகவில்லை. 1967இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவர்களுக்காக லைமன் பிரிக்ஸ் என்று தங்கிப் படிக்கும் கல்லூரி வந்தது. இன்றும் நடக்கிறது.

நான் இதில் கவனிப்பது ஆசிரியர்களை. ஒரே படிப்புப் பிள்ளைகள் சேர்ந்து தங்குவது பாதிதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகும் ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோய்க் கேட்க வளாகத்தில் ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள் அம்மா. இருந்தால் அந்த ஹாஸ்டலின் மதிப்பே வேறு.

திருப்பாப்புலியூர் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். விடியற்காலை ஆக்சிஜன் விஷயத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் செம்மண்டலத்தில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை, பம்ப் என்றால் காது கொடுத்துக் கேட்பார். மகளைக் கூப்பிட்டு, "இதைத்தான் சொல்ல வந்தியா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

முதல் செமஸ்டர் ஹாஸ்டல் என்று முடிவு செய்திருக்கிறோம். சனிக்கிழமை நேரில் போய் வார்டனைப் பார்க்கப்போகிறோம். ஆசிரியர்கள் யார் யார் அங்கேயே தங்குகிறார்கள் என்று கேட்கிறேன், ஐயா. முகத்துவாரம் சகோதரிக்கு இரண்டு கேள்வி. ராத்திரி ஆற்றங்கரைக்குப் போகிறபோது பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எப்படி? சேற்றுக்கு கம்பூட் (ரப்பர் பூட்ஸ்) வாங்கச் சொல்கிறாள், கடலூரிலேயே வாங்கிவிடட்டுமா?

முகத்துவாரம்:

பாதுகாப்பைப் பற்றி வார்டனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இரவுக் களப்பணிக்கு யார் அனுமதி எழுதித் தர வேண்டும், கூட யார் வருவார்கள், எத்தனை பேர் சேர்ந்தால் அனுப்புவார்கள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் தனியாக ஒருத்தியும் போனதில்லை. வாட்ச்மேனிடம் நேரம் எழுதிவைத்துவிட்டுக் கும்பலாகத்தான் போவோம். படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை போடாமல் உட்காரக் கூடாது என்பதை மகளிடம் நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள், நீச்சல் தெரிந்தாலும் சரி.

காலாப்பட்டுத் தம்பி, நீங்கள் சொன்ன தாத்தா விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்களுக்கு அந்தக் கேள்வியை அன்னங்கோயில் மீனவர்கள் கேட்டார்கள். "இந்தப் புழுவை எண்ணி என்ன பண்ணப்போற பாப்பா?" என்று ஒரு பெரியவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். புழு இருந்தால் அதைத் தின்னக் கிழங்கான் மீன் வரும் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிப் பழகிய பிறகுதான் என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை என்னால் எழுத முடிந்தது. அதனால் அம்மா, ஹாஸ்டலுக்குள்ளேயே இருக்காமல் ஊருக்குள்ளும் நடந்துவரச் சொல்லுங்கள். பரங்கிப்பேட்டைக் கடைத்தெரு, தர்கா வீதி, அல்வாக் கடை எல்லாம் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் கோயிலுக்குப் போய்வந்தால் தேவாரத்துக்கும் வழி கிடைத்துவிடும்.

அப்புறம், கம்பூட் வேண்டாம். வெள்ளாற்றுச் சேறு முழங்கால் வரை இழுக்கும், கால் வெளியே வரும், கம்பூட் உள்ளேயே நின்றுவிடும். பழைய கான்வாஸ் ஷூவாக ஒன்று கொடுத்தனுப்புங்கள், லேஸை இறுக்கிக் கட்ட முடிகிற மாதிரி. வெறுங்காலோடு மட்டும் இறங்கக் கூடாது. சேற்றுக்குள் ஆளி ஓடு பிளேடு போல நிற்கும். பிச்சாவரம் பக்கம் போகும்போது தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. மீதியை அங்கே இருக்கும் அக்காக்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.